மஞ்சள் பின் வழியே வரும் எச்டி படம்

கடலூர் முதுநகரில் உள்ள என் சித்தியின் வீட்டில், 2006-ஆம் ஆண்டுக்குப் பிறகு தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்மையில் பழைய செட்டாப் பாக்ஸ் பழுதானபோது அதற்கு மாற்றாக ஓர் எச்டி பாக்ஸ் வந்து சேர, அதைப் பொருத்த வந்தவர் “இந்த டப்பா டிவிக்கு இது ஒத்துவராதும்மா, எல்இடி வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையில் அது ஒத்துவரும். ஆனால் எச்டி படத்தில் எவ்வளவு அந்தத் திரைக்கு வந்து சேரும், எது வழியில் தொலையும் என்பது பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஒரு மஞ்சள் கம்பியைப் பொறுத்தது.

சித்தி வீட்டில் உள்ளது போன்ற பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, எலக்ட்ரான் கற்றை ஒன்றைத் திரையின் இடமிருந்து வலமாக, கோடு கோடாக இழுத்துப் படம் வரைகிறது. நம் நாட்டில் பின்பற்றப்பட்ட ‘பால்’ (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆக, அந்தக் கற்றை நொடிக்கு 15,625 முறை திரையின் குறுக்கே ஓட வேண்டும். கற்றையை வளைக்கும் சுருள்களும் உயர் மின்னழுத்தம் தரும் பிளைபேக் மின்மாற்றியும் இந்த வேகத்துக்கென்றே அமைக்கப்பட்டவை. எச்டி-யில், கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தவணையில் வரையும் 1080ஐ (1080i) வகைக்கு நொடிக்கு 28,125 கோடுகளும், ஒரே தவணையில் வரையும் 720பி (720p) வகைக்கு 37,500 கோடுகளும் தேவை. பழைய பெட்டிக்கு அந்த ஓட்டம் கைகூடாது. ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பாக்ஸ்தான் செய்தாக வேண்டும்.

பாக்ஸ் அதைத் தனக்குள்ளேயே செய்துவிடுகிறது. சுருக்கப்பட்டு வந்த எச்டி படத்தை அது முதலில் விரித்து 1920-க்கு 1080 புள்ளிகள், அதாவது 20,73,600 புள்ளிகள் ஆக்குகிறது. பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்கள் செருகும் ஏவி வெளியீட்டுக்காக அதையே 720-க்கு 576 ஆகக் குறைக்கிறது (625 கோடுகளில் படத்தைத் தாங்குபவை 576 மட்டுமே). இது 4,14,720 புள்ளிகள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு வெட்டி எறியப்படுவதில்லை. அண்டைப் புள்ளிகளின் மதிப்புகளைக் கலந்தே புதிய புள்ளிகள் உருவாகின்றன. அதனால்தான் பழைய டிவியில்கூட, கடுமையாகச் சுருக்கி அனுப்பப்படும் சாதாரணச் சேனலைக் காட்டிலும் அதே சேனலின் எச்டி வடிவம் பெரும்பாலும் துலக்கமாகத் தெரிகிறது. எச்டி பாக்ஸ் பழைய டிவிக்கு வீண் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இனி அந்த மஞ்சள் கம்பி. வெள்ளை, சிவப்புப் பின்கள் ஒலியின் இடம், வலம் மட்டுமே. படம் முழுவதும் மஞ்சளில்தான் வருகிறது. ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடி. அதன் தொடக்கத்தில் மின்னழுத்தம் சுழியத்துக்கு இறங்கி 4.7 மைக்ரோநொடி அங்கேயே நிற்கும். “புதுக் கோடு தொடங்குகிறது” என்று டிவிக்குச் சொல்லும் சைகை அது. அதற்கு மேல் 0.3 வோல்ட் என்றால் கறுப்பு, 1 வோல்ட் என்றால் முழு வெண்மை, இடைப்பட்டவை சாம்பலின் படிகள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இவ்வளவே போதும். வண்ணத்தைச் சேர்க்க, இதே கம்பியில் 4.43 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் மற்றோர் அலை ஏற்றப்படுகிறது. அந்த அலையின் உயரம் நிறத்தின் அடர்த்தியையும், அதன் கட்டம், அதாவது துடிப்பு எவ்வளவு முன்பின்னாகத் தள்ளியிருக்கிறது என்பது, எந்த நிறம் என்பதையும் குறிக்கும். கட்டத்தை ஒப்பிட்டு அறிவதற்காக ஒவ்வொரு கோட்டின் தலைமாட்டிலும் அதே அலையின் சுமார் பத்துத் துடிப்புகள் மாதிரியாக அனுப்பப்படுகின்றன.

நேரம், வெளிச்சம், வண்ணம் ஆகிய மூன்றையும் ஒரே கம்பியில் திணித்த இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. செய்தி வாசிப்பவர் மெல்லிய கோடு போட்ட சேலையோ பொடிக்கட்டம் போட்ட சட்டையோ அணிந்து வந்தால், அந்தக் கோடுகள் உண்டாக்கும் வெளிச்ச ஏற்றத்தாழ்வு 4.43 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அமைந்துவிடக்கூடும். டிவி அதை நிறமென்று எண்ணிக்கொள்ள, துணியின் மேல் வானவில் நெளியும். நிறம் அடர்ந்த எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகர்வதும் இதே கலப்பால்தான். டிவியின் பின்புறத்தில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று காம்பொனென்ட் சாக்கெட்டுகள் இருந்து, பாக்ஸிலும் அவை இருந்தால், தயங்காமல் அவற்றையே பயன்படுத்தலாம். வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிக் கம்பிகளில் செல்வதால் வானவில் மறைந்துவிடும். ஆனால் பாக்ஸின் அமைப்பில், பழைய டிவிக்கு ஏற்ற 576ஐ (576i) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. 720பி-யில் விட்டால் சாதாரணப் படக்குழாய் டிவியில் கிழிந்த கோடுகளே மிஞ்சும்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு தனிக் கிளைக்கதை உண்டு. பிரான்சில் உறவினர் உள்ள ஒரு வீட்டில், அங்கிருந்து கப்பலில் வந்த பழைய டிவியை நான் பார்த்தேன். பிரான்ஸ் 1967 முதல் செகாம் என்ற வேறொரு வண்ண முறையைப் பின்பற்றியது. அதுவும் 625 கோடுகள்தான் என்பதால் நம் பாக்ஸின் படம் அதில் நிலையாக நிற்கும். வண்ண அலையைப் படிக்கும் முறை மட்டும் வேறென்பதால் எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த டிவியில் 21 முனைகள் கொண்ட ஸ்கார்ட் சாக்கெட் இருந்தது. சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியே நுழைய அதில் வழியுண்டு என்றாலும், நம் பாக்ஸ்களில் அதற்கேற்ற வெளியீடு பொதுவாக இருப்பதில்லை.

சித்தி வீட்டில் கோளாறு இன்னும் எளியது. இப்போதைய பாக்ஸ்களில் இடம் மிச்சப்படுத்த, மூன்று ஏவி சாக்கெட்டுகளுக்குப் பதிலாக நான்கு வளையங்கள் கொண்ட 3.5 மி.மீ. ஜாக் ஒன்றே வைக்கப்படுவதுண்டு. எந்த வளையம் எதற்கு என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. பழைய வயரையே செருகியதால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டது, திரையோ இருண்டிருந்தது. படச் சைகை சிவப்புப் பின்னில் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மஞ்சள் சாக்கெட்டில் செருகியதும் படம் வந்தது. இப்படி மாற்றிப் பார்ப்பதால் எதுவும் எரிந்துவிடாது. படம் வந்த பிறகும் ஒரு மங்கலான பட்டை மேலும் கீழும் ஊர்ந்தது. துறைமுகத்துக்கு அருகிலுள்ள வீடு, உப்புக்காற்று; பின்னின் வெளிவளையத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த வளையம்தான் சைகை திரும்பிச் செல்லும் பாதை. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்ததும் பட்டை போய்விட்டது.

பாக்ஸில், புது டிவிகளுக்கான எச்டிஎம்ஐ (HDMI) வெளியீடு மட்டுமே இருந்தால் மாற்றுக் கருவி தேவைப்படும். கடையில் “எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி” என்று கேட்டு வாங்க வேண்டும். தலைகீழாக வேலை செய்யும் கருவியும் பார்வைக்கு அப்படியே இருக்கும், மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் பலர். அதன் பக்கவாட்டிலுள்ள சிறு சுவிட்ச் ‘பால்’ (PAL) பக்கம் இருக்கட்டும். அமெரிக்காவின் வண்ண முறையான என்டிஎஸ்சி (NTSC) பக்கம் இருந்தால் வண்ண அலை 3.58 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடும். ‘பால்’ முறை மட்டுமே அறிந்த டிவி நிறத்தையே அணைத்துவிடும்.

கடைசியாகப் படத்தின் வடிவம். எச்டி படம் 16:9, பழைய திரை 4:3. விகிதம் கெடாமல் பொருத்தினால் 576 கோடுகளில் 432 மட்டுமே படத்துக்குப் பயன்பட்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். முழுத்திரைக்கு நீட்டினால் முகங்கள் நெடுக்காகிவிடும். நான் பட்டையுள்ள அமைப்பையே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது சித்தி அதை மாற்றியிருந்தார். “பாதி டிவியை மூடி வெச்சா எப்படிப்பா பாக்கறது?” என்றார். அவர் வீட்டுத் தொடர்களில் இப்போது எல்லோரும் ஒல்லி.