பழைய லேண்ட் ரோவருக்கு வேறு டீசல் எஞ்சின்: எது பொருந்தும், எது உடையும்

பிரிட்டனின் சோலிஹல் ஆலையில் 1971 முதல் 1985 வரை தயாரான லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டிகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை என்பதால் துருப்பிடித்து உதிராது. சேஸி, அதாவது அடிச்சட்டம், இரும்புதான், ஆனால் வெட்டி ஒட்டலாம், புதிதாகவும் வாங்கலாம். இந்த வண்டியின் டீசல் வகையில் ஓட்டுநரைச் சோதிப்பது எஞ்சின்தான். 2.25 லிட்டர், 62 குதிரைத்திறன். சேற்றில் நிதானமாக ஊர்ந்து போக இது போதும். மேட்டுச் சாலையில் பாரம் ஏற்றிப் போனால் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதனால் எஞ்சின் மாற்றுவது பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. மாற்று எஞ்சினாகப் பலரும் தேடுவது 200 டிடிஐ, லேண்ட் ரோவரே செய்த டர்போ டீசல் எஞ்சின்.

இந்த எஞ்சின் 1989-இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரியுடன் அறிமுகமானது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் டிஃபெண்டர் வண்டியிலும் வந்தது. டிஸ்கவரியின் வெளித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம் என்றாலும், உள்கூடு இரும்புத் தகடு. தரையும் பக்கவாட்டின் அடிப்பகுதியும் துருப்பிடித்து வண்டியே சாலைக்கு லாயக்கில்லாமல் போகும்போது, உள்ளே எஞ்சின் நல்ல நிலையிலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மலிவு என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழைய 2.25 லிட்டர் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 90.47 மில்லிமீட்டர். 200 டிடிஐ-யிலும் அதே 90.47 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 88.9-இலிருந்து 97 மில்லிமீட்டராகக் கூடியிருக்கிறது. அதனால்தான் கொள்ளளவு 2286 கன சென்டிமீட்டரிலிருந்து 2495 ஆனது. முப்பது ஆண்டுகளாக ஒரே எஞ்சின் குடும்பத்தை நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. எஞ்சினின் பின்பக்கம் கியர்பாக்ஸைப் பூட்டும் போல்ட்டுகளின் இடம் பழைய இடத்திலேயே இருப்பது அதன் பலன். எஞ்சின் மாற்றுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

முதலில், 209 கன சென்டிமீட்டர் மட்டுமே பெரிய எஞ்சின் எப்படி 111 குதிரைத்திறன் தருகிறது என்ற கேள்வி. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றைக் கடுமையாக அமுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எங்கே பீய்ச்சுகிறோம் என்பதில்தான் பழையதும் புதியதும் பிரிகின்றன. பழைய எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு சிறிய சுழல் அறை இருக்கிறது. காற்று ஒரு குறுகிய வாய் வழியாக அதற்குள் புகுந்து சுழல, டீசல் அங்கே பீய்ச்சப்பட்டு எரியத் தொடங்கி, பிறகு பிஸ்டன் மேல் பாய்கிறது. அந்தக் காலத்து நாசில்களுக்கு டீசலை மிக நுண்ணிய துளிகளாக உடைக்கும் அழுத்தம் கிடையாது. காற்றின் சுழற்சிதான் கலக்கும் வேலையைச் செய்தது. சத்தமும் குறைவு. ஆனால் அந்த அறையின் சுவர்கள் வெப்பத்தைக் குடித்துவிடும், குறுகிய வாய் வழியே போய்வரும் காற்று ஆற்றலை இழக்கும். அப்படி இழந்த பின்பும் டீசல் பற்றவேண்டும் என்பதற்காகக் காற்றை 23 மடங்கு அமுக்க வேண்டியிருந்தது.

200 டிடிஐ-யில் அந்த அறையே இல்லை. பிஸ்டனின் தலையில் குடைந்த கிண்ணத்துக்குள் நேரடியாக டீசல் பாய்கிறது. சுவரின் பரப்பு குறைவதால் வெப்ப இழப்பும் குறைகிறது, 19.5 மடங்கு அமுக்கமே போதுமாகிறது. குளிர்ந்த காலையிலும் சட்டென்று கிளம்பும். ஒரே அளவு டீசலில் கூடுதல் வேலை கிடைக்கிறது. இதற்கு மேல், புகையின் விசையால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்கின்றன. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். கரும்புகை வராமலிருக்க அதைவிட இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே டீசல் எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே திணிக்க முடிந்த காற்றின் எடைதான். டீசலை ஊற்றுவது எளிது, காற்றைத் திணிப்பதுதான் கடினம்.

இன்டர்கூலரின் வேலையைச் சிறு கணக்கில் காட்டலாம். 30 டிகிரிக் காற்றை டர்போ 1.8 மடங்கு அழுத்தத்துக்குத் தள்ளினால், அமுக்கத்தாலும் டர்போவின் திறன் குறைவாலும் அது 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும். சூடான காற்று விரியும் என்பதால் எடை 1.8 மடங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடும். அதை 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.65 மடங்கை எட்டும். அழுத்தத்தைக் கூட்டாமலே காற்றின் எடை கூடிவிட்டது.

இந்தச் சாதனங்களால்தான் வண்டியின் முன்பக்கத்தில் இடநெருக்கடி வருகிறது. ரேடியேட்டர், இன்டர்கூலர், எண்ணெய் கூலர் மூன்றும் சேர்ந்தால் சீரீஸ் 3-இன் குறுகிய முகப்புக்குள் அடங்காது. முகப்புத் தகட்டை வெட்டிப் பெரிதாக்க வேண்டும். சிலர் இன்டர்கூலரே வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் பம்ப் தரும் டீசலின் அளவையும் குறைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் காற்று போதாமல் கரும்புகை கக்குவதோடு, புகைபோகும் பக்கத்தின் வெப்பம் ஏறி பிஸ்டனையும் டர்போவையும் தின்றுவிடும். இன்னொரு கூட்டம் டர்போவையே கழற்றிவிட்டு வெறும் நேரடிப் பீய்ச்சு எஞ்சினாக ஓட்டுகிறது. அது பின்வாங்கல் போலத் தோன்றும், ஆனால் பழைய கியர்பாக்ஸைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது நல்ல முடிவு என்றே நான் சொல்வேன்.

டர்போவின் இடமும் ஒரு தொல்லை. டிஸ்கவரி எஞ்சினில் அது பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்குகிறது. சீரீஸ் வண்டியில் இறக்கினால் சேஸியில் இடிக்கும். டிஃபெண்டருக்காகச் செய்த அதே எஞ்சினில் மேனிஃபோல்டு, அதாவது டர்போவைத் தாங்கும் புகைக்குழாய்த் தொகுதி, வேறு, டர்போ உயரத்தில் உட்காரும். அந்த மேனிஃபோல்டு கிடைத்தால் வேலை பாதியாகும்.

சரி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் இடத்துக்கு வருவோம். பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு சிறிய வெண்கல வளையம், அதாவது புஷ், இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட்டின் மூக்கு அதற்குள் அமர்ந்து சுழலும். கிளட்ச் தட்டு இந்த ஷாஃப்ட்டின் மேல்தான் இருக்கிறது. கிராங்க்கின் அச்சும் கியர்பாக்ஸின் அச்சும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும், விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. போனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஷாஃப்ட் வளைந்து வளைந்து நிமிரும். முதலில் புஷ் தேயும், பிறகு கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும், கிளட்ச் தட்டின் நடுப்பகுதி உடையும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை வளைகிறது. எந்த இரும்பும் அதை வெகுநாள் தாங்காது.

வேறு நிறுவனத்தின் எஞ்சினைப் போடுபவர்கள் இடையில் ஓர் இணைப்புத் தகடு செய்யவேண்டும். அதில் போல்ட்டுத் துளைகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. இரு பக்கத்தையும் மையப்படுத்தும் வழிகாட்டி ஊசிகளின் துளைகள்தான் உயிர்நிலை. நல்ல கடைசல் பட்டறையில் அளந்து செய்யாத தகடுகள் நிறைய வண்டிகளைக் கெடுத்திருக்கின்றன. 200 டிடிஐ-யில் இந்தச் சிக்கலே எழாது. பழைய குடும்பத்து ஃப்ளைவீலையும் (கிராங்க்கின் பின்னால் சுழலும் கனச் சக்கரம்) அதன் ஹவுசிங்கையும் அதன் பின்னால் பூட்டி, சரியான அளவு புஷ்ஷைப் போட்டால் சீரீஸ் கியர்பாக்ஸ் அப்படியே சேர்ந்துகொள்ளும். ஆலையிலேயே கடைந்த துளைகள் என்பதால் அச்சு தானாக நேர்படும்.

மின்சாரப் பக்கம் இன்னும் எளிது. இந்த எஞ்சினின் பாஷ் பம்ப் முழுக்க இயந்திரத்தனமானது. உள்ளே ஒரே ஒரு பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் அடித்து நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசல் அனுப்புகிறது. சுற்று கூடினால் எடைக்கட்டிகள் விரிந்து டீசலைக் குறைக்கும். டர்போவின் அழுத்தம் ஏறினால் மேலே உள்ள டயாஃப்ரம் அழுந்தி டீசலைக் கூட்டும். எஞ்சின் ஓடத் தேவையான மின்கம்பி ஒன்றே ஒன்று: பம்ப்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்டுக்குப் போகும் 12 வோல்ட் கம்பி. 1998-இல் லேண்ட் ரோவர் கொண்டுவந்த டிடி5 எஞ்சினில் எல்லாமே கணினிக் கட்டுப்பாடு. அதை மாற்றும்போது கம்பிக் கட்டும் சென்சார்களும் கணினிப் பெட்டியும் கூடவே வரவேண்டும். ஆற்றங்கரையில் பழுதானால் ஸ்பேனரால் தீர்க்கமுடிகிற எஞ்சினைத்தான் காட்டுக்குப் போகும் வண்டியில் வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

எஞ்சின் உட்கார்ந்து ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையான கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பழைய எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீட்டர். டிஸ்கவரியின் 200 டிடிஐ தருவது சுமார் 265. இரண்டும் இதை எட்டுவது நிமிடத்துக்கு 1800 சுற்றில்தான், ஆனால் அளவு ஏறக்குறைய இரு மடங்கு.

சீரீஸ் 3-இல் முதல் கியரின் விகிதம் 3.68, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் குறைவேக டிரான்ஸ்ஃபர் கியர் 2.35, ஆக்சிலின் டிஃபரன்ஷியலில் உள்ள கிரௌன் பினியன் 4.7. மூன்றையும் பெருக்கினால் சுமார் 40.6. அதாவது எஞ்சின் 40 சுற்றுக்கு மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், முறுக்குவிசையும் அத்தனை மடங்கு பெருகும். பழைய எஞ்சினில் இது 5700 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றது. டிடிஐ-யோடு அதே பல்சக்கரங்கள் என்றால் 10,700-ஐத் தாண்டும். இந்தச் சுமையில் முதலில் முறிவது பின் ஆக்சில் ஷாஃப்ட், அடுத்து கியர்பாக்ஸின் பற்கள். இரண்டுமே 62 குதிரைத்திறனை மனதில் வைத்து அளவெடுத்தவை.

இனி உயர்வேகப் பக்கம். நான்காவது கியர் நேரடி இணைப்பு, டிரான்ஸ்ஃபர் கியர் 1.148, கிரௌன் பினியன் 4.7. மொத்தம் 5.4. ஒரு சுற்றில் சுமார் 2.45 மீட்டர் உருளும் டயர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3500 சுற்றுக்கு மேல் கதறும். டிடிஐ-க்குப் பிடித்த இடம் 1800-க்கும் 2700-க்கும் நடுவில். எஞ்சினை மாற்றியும் வண்டி வேகமாகப் போகவில்லை, சத்தம்தான் கூடியது என்று சிலர் நொந்துகொள்வதற்குக் காரணம் இந்த 5.4 தான்.

தீர்வு, 4.7-க்குப் பதில் 3.54 விகிதம் கொண்ட ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி வண்டிகளின் டிஃபரன்ஷியல். சீரீஸ் ஆக்சிலுக்குள் அது பொருந்திக்கொள்ளும். விதிவிலக்கு, நீளமான 109 அங்குல வண்டிகளின் பின்பக்கம் வரும் சாலிஸ்பரி ஆக்சில். அது வேறு வடிவம். முன்னும் பின்னும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓட முயன்று ஒன்றையொன்று இழுக்கும், ஏதாவது ஒன்று உடையும். சரியாக மாற்றினால் அதே 96 கிலோமீட்டரில் எஞ்சின் 2700 சுற்றுக்குள் அமைதியாக ஓடும். ஸ்பீடோமீட்டரையும் திருத்தவேண்டும், இல்லையென்றால் 96-இல் போகும்போது 72 என்றுதான் காட்டும்.

மேடு ஏறும் வலு குறையுமா? குறையாது. குறைவேகத்தில் மொத்த விகிதம் 40.6-இலிருந்து 30.6 ஆகக் குறைகிறது. 265-ஐ அதனால் பெருக்கினால் 8100. பழைய எஞ்சினைவிட இன்னமும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். இழப்பு இறக்கத்தில்தான். முன்பு 750 சுற்றில் எஞ்சினே பிடித்துக்கொண்டு மணிக்கு 2.7 கிலோமீட்டரில் இறங்கிய வண்டி இப்போது 3.6 கிலோமீட்டரில் இறங்கும். படிக்கட்டு மாதிரியான பாறைச் சரிவில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். சாலைக்காகச் செய்த மாற்றம் பாறையில் சற்றே விலை கேட்கிறது.

டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் ஊரிலிருந்து 3636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அவற்றில் பலவற்றில் இப்போது மஹிந்திரா டீசல் எஞ்சின்கள்தான் ஓடுகின்றன. உதிரிபாகம் பக்கத்திலேயே கிடைக்கிறது என்பது பெரிய காரணம். அந்தப் பாதையில் யாரும் 96 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை, எனவே 3.54 அங்கே தேவையற்ற செலவு. அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் உச்சியை நெருங்கும்போது மூச்சு வாங்கும், புகையும் கூடும். டர்போ உள்ள எஞ்சின் இழந்ததில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

பிரேக்கைப் பற்றிப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சீரீஸ் வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகம் இரு மடங்கானால் நிறுத்தும்போது வெப்பமாக மாறவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். குறைந்தபட்சம் மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் சர்வோ உதவி வேண்டும். அதற்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். டீசலில் காற்றுப் பாதை எப்போதும் திறந்தே இருப்பதால் அது கிடைக்காது. 200 டிடிஐ-யின் பக்கத்தில் கேம்ஷாஃப்ட்டால் ஓடும் வெற்றிட பம்ப் இருக்கிறது. எஞ்சின் வாங்கும்போது அதைக் கழற்றிவிடாமல் சேர்த்து வாங்கவேண்டும்.

வண்டிக்குள் இறக்குவதற்கு முன், எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுவது நல்லது. பழைய 2.25-இல் இருந்தது சங்கிலி. டிடிஐ-யில் ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கிராங்க்கின் பின்பக்க எண்ணெய் சீலும் அப்படித்தான். வெளியே இருக்கும்போது சில நிமிட வேலை, உள்ளே போய்விட்டால் கியர்பாக்ஸையே இறக்கவேண்டும்.

அப்புறம் காகித வேலை. பிரிட்டனில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும், எரிபொருள் மாறினால் அதுவும், வண்டிப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படவேண்டும். பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 2025 வரை எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன: மூலச் சேஸிக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்சில், டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று. எஞ்சினை மட்டும் மாற்றியவர் இழந்தது ஒரே ஒரு புள்ளி. சேஸியில் கைவைத்தவர்தான் கவனமாகக் கணக்குப் போடவேண்டியிருந்தது.