கடைசி ஒரு சாண் கண்ணாடி: ஜன்னல் துடைப்பவர்களுக்கான ஏணி

ஜன்னல் துடைக்கும் தொழிலில் ஏணியிலிருந்து விழுந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அந்த மூலை மட்டும்தான் பாக்கி இருந்தது." ஏணி உடைந்தது என்று சொல்பவர்கள் அரிது. இறங்கி, ஏணியைச் சற்று நகர்த்தி, மறுபடி ஏறுவதற்குப் பதிலாகக் கையை எட்டி நீட்டியிருப்பார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தரும்போது ஏணியின் நீளம், எடை, தரம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பேசுகிறேன். எந்த ஏணியை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் அலுப்பில்லாமல் நகர்த்தி வைக்க முடிகிற ஏணியே உங்களுக்குரிய ஏணி.

நம் வேலை மற்றவர்களின் ஏணி வேலையிலிருந்து மாறுபட்டது. விளக்கு மாற்றுபவர் தன் முகத்துக்கு நேரே வேலை செய்துவிட்டு இறங்கிவிடுவார். நாம் ஏணியைவிடப் பல மடங்கு அகலமான பரப்பில், கையைப் பக்கவாட்டில் இழுத்தபடி வேலை செய்கிறோம். கையில் சோப்பு நீர், காலடியில் அதே நீர் சொட்டிய படிகள், எதிரே ஏணியைச் சாய்க்கவே கூடாத கண்ணாடி. பொதுவான ஏணி விதிகள் நமக்கும் பொருந்தும். ஆனால் அவை மட்டும் போதாது.

முதலில் நீளம். இரண்டு பகுதிகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் ஏணியில் "24 அடி" என்று எழுதியிருந்தால், தலா 12 அடியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன என்றுதான் பொருள். விரித்தாலும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 3 அடிக்குப் படிந்திருக்க வேண்டும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 21 அடி. அதையும் சாய்த்து வைக்கும்போது, சுவரைத் தொடும் இடம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 அடி. இன்னும் நீளமான ஏணிகளில் படிந்திருக்க வேண்டிய அளவும் கூடும். பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பில் அது இருக்கும். ஏணியை விரிக்கும்போது தடுப்பு வரும்வரை இழுங்கள். அந்தத் தடுப்பைக் கழற்றி இன்னும் ஒரு படி கூட்ட நினைக்காதீர்கள்.

மேலே நிற்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உச்சியிலிருந்து மூன்று படிகளில் கால் வைக்கக் கூடாது. நான்காவது படியில் நின்றால், படிகளுக்கிடையே ஓர் அடி இடைவெளி உள்ள ஏணியில் அதன் உச்சி உங்கள் இடுப்பளவில் இருக்கும். அந்த உச்சி ஜன்னலின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு வைத்தால், நாலடி உயரக் கண்ணாடி வரை நிமிர்ந்து நின்றபடியே துடைத்துவிடலாம். கண்ணாடி அதைவிட உயரமானால், எட்டிப் பிடிக்க மேல் படிக்குப் போகாதீர்கள். கைப்பிடி நீளும் ஸ்க்வீஜியை, அதாவது கண்ணாடியிலிருந்து நீரை வழித்தெடுக்கும் ரப்பர் விளிம்புக் கருவியை, எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஏணி ஒன்றை வாங்கிவிட்டால் எல்லா உயரத்துக்கும் ஆகும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 12 அடிப் பகுதிகள் கொண்ட ஏணியை மடக்கினாலும் 12 அடி நிற்கும். கீழ்த்தள ஜன்னலுக்கு அது உதவாது. குறுகலான சந்தில் அடியைத் தேவையான தூரம் தள்ளி வைக்க இடமிருக்காது. ஏணி செங்குத்தாக நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கனமான ஏணி நகர்த்தப்படாது. சிறியது ஒன்று, இரண்டு பகுதிகள் கொண்டது ஒன்று என இரண்டு வைத்திருப்பதே நல்லது.

அலுமினியமா, ஃபைபர்கிளாஸா? அலுமினியம் இலேசானது, நாள் முழுவதும் தூக்கி நகர்த்துகிற நமக்கு அது பெரிய வசதி. ஆனால் மின்சாரம் அதில் தடையின்றிப் பாயும். மின்கம்பிகள் செல்லும் பக்கத்தில் அலுமினிய ஏணியை எடுக்கவே வேண்டாம். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. அது காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்வரைதான். சோப்பு நீர் வழிந்த, அழுக்குப் படிந்த ஃபைபர்கிளாஸை நம்பிக் கம்பியின் அருகே போகக் கூடாது. எந்த ஏணியானாலும் கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு இன்னும் அதிகம். ஏணியை நிறுத்தும்போதோ அது சரியும்போதோ அதன் உச்சி எங்கே போகும் என்பதையும் சேர்த்தே இந்தத் தூரத்தைப் பாருங்கள்.

எடை தாங்கும் அளவும் அந்த ஒட்டுக் குறிப்பிலேயே இருக்கும். அமெரிக்கத் தர வரிசையில் மிகக் குறைந்த வகை 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோ தாங்கும். தொழில்முறை வகைகள் 300 பவுண்டு (136 கிலோ), 375 பவுண்டு (170 கிலோ) வரை தாங்கும். ஐரோப்பாவின் இஎன் 131 தரத்தில் அதிகபட்ச எடை 150 கிலோ. அதிலேயே வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரு வகைகள் உண்டு. தொழில்முறை வகையையே வாங்குங்கள். உங்கள் உடல் எடையோடு உடை, இடுப்புப் பட்டை, கருவிகள், தண்ணீர் எல்லாம் சேரும் என்பதை மறக்க வேண்டாம். 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ.

இனி சாய்வு. நாலுக்கு ஒன்று என்ற கணக்கு பலருக்கும் தெரியும்: ஏணி 16 அடி உயரத்தில் சாய்ந்தால் அதன் அடி 4 அடி வெளியே இருக்க வேண்டும். ஏறத்தாழ 75 டிகிரி. அளவு நாடா இல்லையென்றால், ஏணியின் அடியில் கால்விரல்கள் படும்படி நின்று கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட வேண்டும். இந்தக் கணக்கை வெறும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் அதை மீறுகிறார்கள் என்பது என் கணிப்பு. காரணத்தைத் தெரிந்துகொண்டவர்கள் மீறுவதில்லை.

காரணம் இதுதான். நீங்கள் ஏறும்போது உங்கள் எடையின் ஒரு பகுதி ஏணியின் அடியைச் சுவரைவிட்டு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு விசை எல்லாப் படியிலும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே போகப் போகக் கூடுகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 75 டிகிரி ஏணியின் உச்சியை நெருங்கும்போது, ஏணியின் எடையைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 21 கிலோ எடைக்குச் சமமான விசை அடியைத் தள்ளும். அதே ஏணியை 60 டிகிரிக்குச் சாய்த்தால் அது சுமார் 46 கிலோவாகிவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது ரப்பர் அடிக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. நாமோ மேலிருந்து அந்தத் தரையில் சோப்பு நீரைச் சொட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் படியில் நின்று குலுக்கிப் பார்த்து "ஏணி அசையவில்லை" என்று மேலே போவதில் உள்ள ஆபத்து இதுதான்: கீழே அசையாத ஏணி மேலே வழுக்கும். மாறாக, அளவுக்கு மீறிச் செங்குத்தாக வைத்தால் ஏணி உங்களோடு பின்பக்கமாகச் சாயும். ஸ்க்வீஜியைக் கண்ணாடியில் அழுத்தும்போது கண்ணாடியும் உங்களைப் பின்னால் தள்ளுகிறது.

ஏணியின் தலை கண்ணாடியில் படக் கூடாது. பிளாஸ்டிக் மழைநீர்க் குழாயிலும் படக் கூடாது. ஸ்டாண்ட்-ஆஃப் எனப்படும் தாங்கியை ஏணியின் தலைப்பகுதியில் பொருத்தினால், அதன் இரு கைகளும் ஜன்னலுக்கு இரு பக்கமும் உறுதியான சுவரில் ஊன்றும். ஜன்னல் துடைப்பவர்களுக்கு இதை விருப்பத்துக்குரிய உபகரணம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏணியோடு சேர்த்தே வாங்க வேண்டியது. தலைப்பகுதி அகலமாக ஊன்றுவதால் ஏணி பக்கவாட்டில் உருள்வதும் குறைகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாங்கி ஏணியைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்தினால், ஏணியின் அடியையும் அதே ஓர் அடி கூடுதலாக வெளியே நகர்த்த வேண்டும். பழைய இடத்திலேயே விட்டால் சாய்வு மாறி ஏணி செங்குத்தாகிவிடும்.

தரை உறுதியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். ஒரு காலுக்கு அடியில் செங்கல்லோ பலகைத் துண்டோ செருகுவதை எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுங்கள். சமமில்லாத தரைக்கென்று கால் நீளத்தை மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மண் தரையில் பதிய, பல ஏணிகளில் ரப்பர் அடியைத் திருப்பிக் கூர்முனையைக் கீழே கொண்டுவர முடியும். முடிந்தால் ஏணியின் தலையைக் கட்டுங்கள். முடியாவிட்டால் அடியைக் கட்டுங்கள். ஒருவர் கீழே நின்று காலால் மிதித்துக்கொள்வது வேறு எதுவும் முடியாதபோது செய்வது. ஏணி உண்மையிலேயே சரியத் தொடங்கினால், உயரத்தில் ஒருவரைச் சுமந்திருக்கும் ஏணியைக் கீழே நிற்பவரால் பிடித்து நிறுத்திவிட முடியாது.

ஏறிய பிறகு ஒரே ஓர் அளவுகோல் போதும்: உங்கள் பெல்ட்டின் பக்கிள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். அது சட்டத்தைத் தாண்டினால் உங்கள் எடையும் தாண்டிவிடுகிறது. அகலமான கண்ணாடியை முதலிலேயே மனதில் பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்துக்கு ஏணி ஓர் இடத்தில், வலப்பக்கத்துக்கு வேறோர் இடத்தில். மேலே போன பிறகு முடிவெடுக்கலாம் என்று விட்டால், அந்தக் கடைசி ஒரு சாண் கண்ணாடிதான் முடிவெடுக்கும். ஏணியின் மேல் நின்றபடி அதைக் குதிக்க வைத்து நகர்த்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகளும் ஏணிக்கே. வாளியைக் கையில் பிடித்து ஏறாதீர்கள். ஸ்க்வீஜி, துடைப்பான், சிறு நீர்க்குப்பி எல்லாம் இடுப்புப் பட்டையில் தொங்கட்டும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களை உள்ளிருப்பவர்களிடம் சொல்லி முன்பே தாழிட வையுங்கள். ஏணிக்கு அருகிலுள்ள கதவையும் பூட்டச் சொல்லுங்கள். காற்று பலமாக இருந்தால், வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும், வேறு நாளுக்கு மாற்றுங்கள். தலைசுற்றல், தூக்கம் வரவழைக்கும் மருந்து, தூக்கமில்லாத இரவு இவற்றில் எது இருந்தாலும் அன்று தரையிலிருந்து செய்யும் வேலை மட்டும் போதும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஏணி தேவையா என்பதே. பிரிட்டனில் 2005 முதல் நடைமுறையில் உள்ள உயரப் பணி விதிமுறைகள் இந்த வரிசையைத்தான் வற்புறுத்துகின்றன: உயரத்தில் ஏறாமல் செய்ய முடிந்தால் ஏறாதே, ஏற வேண்டியிருந்தால் விழாமல் தடு, அதுவும் முடியாவிட்டால் விழுந்தாலும் அடி குறையும்படி செய். சாய்வு ஏணியில் ஒரே நிலையில் 30 நிமிடங்களுக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் வேறு சாதனத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அங்கே தரப்படும் வழிகாட்டல். அங்கே பல ஜன்னல் துடைப்பாளர்கள் நீர் பாயும் நீள்கம்புக்கு மாறிவிட்டார்கள். கரைந்த உப்புகள் நீக்கப்பட்ட தூய நீரைக் கம்பின் உச்சியிலுள்ள பிரஷ் வழியாகப் பாய்ச்சித் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும். நீர் தானே காயும், கறை படியாது. இரண்டாம் தளம்வரை இதை முதல் தேர்வாக வைத்துக்கொண்டு, கம்பு எட்டாத இடத்துக்கு மட்டும் ஏணியை எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

வைத்திருக்கும் ஏணியை ஒவ்வொரு நாளும் ஏறும் முன் பாருங்கள். படிகள் வளைந்திருக்கின்றனவா, பக்கச் சட்டத்தில் நசுக்கல் உண்டா, பூட்டுக் கொக்கிகள் இரண்டும் படியில் முழுமையாக அமர்கின்றனவா, கயிறு பிரிந்திருக்கிறதா, கப்பி உருள்கிறதா, ரப்பர் அடி தேய்ந்து உலோகம் தெரிகிறதா. ஃபைபர்கிளாஸ் வெயிலில் கிடந்து மேற்பூச்சு போய் இழை இழையாகத் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. நசுங்கிய அலுமினியச் சட்டத்தைத் தட்டி நேராக்கினால் பார்க்க நேராக இருக்கும், வலிமை திரும்பாது. பயன்படாதென்று முடிவான ஏணியை ஒரு மூலையில் சாத்தி வைக்காதீர்கள். வேறு யாராவது எடுத்து ஏறிவிடுவார்கள். அறுத்துத் துண்டாக்கிய பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள்.