ஃப்ரீமேசன்: கல்லின் பெயரா, ஆளின் பெயரா?

வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு மாலை வாக்குவாதம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “விவேகானந்தர் லாட்ஜில் சேர்ந்திருந்தார், தெரியுமா?” என்று ஆரம்பித்தார். எதிரே இருந்த மீன் வியாபாரி அண்ணாச்சி, “எந்த லாட்ஜில் சார்? கடற்கரைப் பக்கமா?” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. 1892 டிசம்பரில் சாமி கன்னியாகுமரிக்கு வந்ததும், கடல் நடுவே பாறைமேல் தியானத்தில் இருந்ததும் இந்த மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். லாட்ஜ் என்றால் நமக்கு இரண்டு கட்டிலும் சூரிய உதயம் பார்க்க ஒரு மொட்டை மாடியும்தான். பாறைமேல் இருந்தவருக்கு அறை எதற்கு என்பது அண்ணாச்சியின் நியாயமான சந்தேகம்.

ஆசிரியர் சொன்னது ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளையான லாட்ஜை. அந்தச் சொல்லைச் சொன்னதும் சண்டை சூடு பிடித்தது. ஒருவர் அது வெள்ளைக்காரனின் மதம் மாற்றும் சங்கம் என்றார். இன்னொருவர், “எங்கள் கோயிலில் அதில் சேரவே கூடாது என்பார்களே” என்றார். பின்னவர் சொன்னது உண்மை. 1738-இல் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் கத்தோலிக்கர்கள் அதில் சேரக்கூடாது என்று தடை போட்டார். 1983-இல் வத்திக்கான் அதை மறுபடி உறுதி செய்தது. ஒரே சொல், மேசைக்கு மேசை வேறு பொருள். சாமி அதில் இருந்தாரா என்று கேட்பதற்கு முன் அது என்ன என்று கேட்பதுதான் முறை.

மேசன் என்பதில் சிக்கல் இல்லை: கல்வேலை செய்பவர். வம்பெல்லாம் ‘ஃப்ரீ’ என்ற ஒட்டில். தமிழில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ‘சுதந்திரக் கொத்தனார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த ‘ஃப்ரீ’ ஆளைக் குறித்ததா, கல்லைக் குறித்ததா என்பது பழைய வழக்கு. ஊர்க் கட்டுப்பாடும் தொழிற்சங்கக் கட்டுப்பாடும் இல்லாமல் எங்கும் போய் வேலை செய்யும் உரிமை பெற்றவர் என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சி ‘ஃப்ரீஸ்டோன்’ என்ற கல்லைக் காட்டுகிறது. ஒரே சீரான மணி கொண்ட சுண்ணாம்புக்கல், மணற்கல் வகை அது. எந்தத் திசையில் உளி வைத்தாலும் பிளந்து போகாமல் செதுக்கக் கொடுக்கும். 14-ஆம் நூற்றாண்டு நடுவில் இங்கிலாந்தில் பிரெஞ்சில் எழுதிய தொழிலாளர் சட்டத்திலேயே அந்தக் கல்லின் பெயரால் ‘ஃப்ராங்ஷ் பியேர்’ மேசன் என்று ஒரு வகையினரைக் குறித்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கட்சிதான் சரியாகப் படுகிறது.

மயிலாடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பட்டறைக் கொட்டகையில் சிற்பி முதலில் கல்லைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். வெண்கலம்போல ஒலித்தால் ஒரு வகை, மந்தமாக விழுந்தால் வேறு வகை. கருங்கல் நம் இஷ்டத்துக்கு வளையாது. அதற்கென்று ஒரு போக்கு உண்டு, அதற்கு எதிராக உளி வைத்தால் பாதி முகம் தெறித்துவிடும். அப்படி அடம் பிடிக்காமல், எந்தப் பக்கம் தட்டினாலும் இணங்கி வரும் கல்லைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் ‘ஃப்ரீ’ என்றார்கள். சுதந்திரம் கல்லுக்கு என்று கூடச் சொல்ல முடியாது, உளிக்குத்தான்.

லாட்ஜுக்கும் இதே கதிதான். தேவாலயம் கட்டும் இடத்தில் கல்வேலைக்காரர்கள் வேலை செய்யவும் கருவிகளை வைக்கவும் போட்ட தற்காலிகக் கொட்டகைக்கு அந்தப் பெயர். பழைய பிரெஞ்சில் அது குடில். பின்னாளில் அந்தக் கொட்டகைக்காரர்களின் கூட்டத்துக்கே பெயராயிற்று. நம் ஊர் விடுதியும் அதே வேரில் வந்ததுதான். ஆக அண்ணாச்சியின் கேள்வி சொல்லளவில் அவ்வளவு தப்பில்லை.

1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமை லாட்ஜ் ஒன்றை ஏற்படுத்தின. அதற்குள் உளி பிடிக்காத கனவான்கள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். கருவிகள் மட்டும் அடையாளங்களாக நின்றன. தலைவருக்கு மூலைமட்டம், அடுத்தவருக்கு ரசமட்டம், மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டு. சேருபவர் ஏறும் மூன்று படிகளும் நம் கட்டட வேலையில் உள்ளவைதான்: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. மட்டம் என்றால் அவர்களுக்கு எல்லோரும் சமம் என்ற உயர்ந்த பொருள். தமிழில் ஒருவரை ‘மட்டமான ஆள்’ என்றால் அடிதான் விழும்.

ஒருவரையொருவர் அடையாளம் காணக் கைகுலுக்கும் முறையும் கடவுச்சொல்லும் உண்டு. இதனால்தான் ‘இரகசியச் சங்கம்’ என்ற பெயர். அந்தக் கடவுச்சொல்லுக்குப் புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டாம். நன்னூல் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி நினைவிருக்கும்; பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்ற எடுத்துக்காட்டோடு. ஒரு தொழிற்கூட்டம் தனக்குள் மட்டும் வழங்கும் சொல். இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்கே கிடைக்கும்? வெளியாட்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சேருபவரின் தலையை வெட்டி மறுபடி ஒட்டுகிறார்கள் என்ற நம்பிக்கையில், தென்னகத்தில் லாட்ஜைத் ‘தலைவெட்டிக் கோயில்’ என்றார்கள் என்று பிரிட்டிஷ் காலத்து அகராதி ஒன்று பதிந்திருக்கிறது. கற்பனை வளமான பெயர், ஆனால் கலைச்சொல் ஆகாது.

அப்படியானால் ஃப்ரீமேசனுக்கு என்ன தமிழ்? கொத்தனார் செங்கல் அடுக்கிப் பூச்சு வேலை பார்ப்பவர், அது பொருந்தாது. கல்லைச் செதுக்குபவருக்குக் ‘கற்றச்சர்’ என்று அழகான பழஞ்சொல் இருக்கிறது, கல் தச்சர் சேர்ந்தது. அமைப்பின் பெயராக வரும்போது ஃப்ரீமேசன் என்றே விட்டுவிடலாம், பொருள் சொல்லும்போது கற்றச்சர் குழாம் எனலாம். ‘சுதந்திர’, ‘கட்டற்ற’ இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

இனி தேநீர்க் கடைக்கு. ஆசிரியர் சொன்னது சரி. கொல்கத்தாவின் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் 1884 பிப்ரவரி 19 அன்று நரேந்திரநாத் தத்தா சேர்ந்தார். ஏப்ரல் 15-இல் இரண்டாம் படி, மே 20-இல் மூன்றாம் படி. அப்போது வயது 21. சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை இறந்தார், குடும்பம் கடனில் விழுந்தது. துறவும் விவேகானந்தர் என்ற பெயரும் பிறகு வந்தவை. வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கொல்கத்தாவில் இப்படிச் சேருவது ஊர்ப் பெரியவர்களோடு பழகும் வழி. மோதிலால் நேருவும் ஃப்ரீமேசன்தான். அந்த மூன்று தேதிகளை வைத்துக்கொண்டு சிகாகோ வரைக்கும் சதிக்கதை கட்டுவதும், சாமிக்கு இழுக்கு என்று தேதிகளையே மறுப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இதையெல்லாம் அடுத்த வாரம் அதே மேசையில் பொறுமையாகச் சொன்னேன், கற்றச்சர் உட்பட. அண்ணாச்சி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “கல்வேலைக்காரர் சங்கமா? அப்படியானால் மயிலாடியில் யாருக்காவது விவரம் தெரிந்திருக்குமே?”