உணவுப் பையை வாங்க வராதவர்கள்

பெங்களூரில் காசநோய் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக் நகர் பக்கமிருந்து வருபவர்களில் தமிழ் பேசுபவர்கள் பலர். “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் “ஆச்சு மேடம்” என்றே சொல்வார்கள். அதனால் இப்போது அப்படிக் கேட்பதில்லை. நேற்று இரவு என்ன சமைத்தீர்கள், யார் முதலில் சாப்பிட்டார்கள், காலையில் மாத்திரை போடும்போது வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்கிறேன். அப்போதுதான் உண்மை மெல்ல வெளியே வரும்.

காசநோய் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், அதுவரை செத்துக் கிடந்த பசி திரும்பி வரும். உடல் தேறுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனால் பானையில் சோறு இல்லாத வீட்டில் அந்தப் பசியே சிகிச்சைக்குத் தடையாகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஒருவர், 36 கிலோ எடையுடன் என் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: “மாத்திரை போட்டா பசி தாங்க முடியல மேடம். பிள்ளைக்கு வச்சிருக்கிறத நானே தின்னுடுவேன்போல இருக்கு. அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேன்.”

காசநோயாளிகளுக்கு நன்கொடையாளர்கள் மூலம் மாதந்தோறும் உணவுப் பை தரும் ஏற்பாடு 2022 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரையும் பட்டியலில் சேர்த்திருந்தோம். வழங்கும் நாளன்று அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முந்தைய மாதம் பேனர் கட்டி, நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, பையின் ஒரு பக்கத்தை அவர்களும் மறுபக்கத்தைக் கொடுப்பவரும் பிடித்திருக்க, படம் எடுத்தார்கள். அப்படித் தன் படமும் வாட்ஸ்அப்பில் சுற்றி, தான் வேலை செய்யும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மூன்று வீட்டு வேலையும் போய்விடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில் தவறே இல்லை. அந்த நிகழ்ச்சியில் கூட நின்று, படம் எடுப்பதைத் தடுக்காமல் இருந்தவள் நான். இன்றுவரை அது மனத்தை அறுக்கிறது.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் வாங்குபவரின் முகம் பொதுச் சொத்து என்று நாம் எல்லோரும் எப்படியோ நினைக்கப் பழகிவிட்டோம். அதே நினைப்புதான் “இலவசம் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்” என்ற பேச்சாகவும் வருகிறது. படித்த தமிழர் வீடுகளில், சில சமயம் மருத்துவமனை ஓய்வறையிலேயே இதைக் கேட்கிறேன். ஆறு வளரும் நாடுகளில் அரசுகள் நடத்திய ஏழு பண உதவித் திட்டங்களின் தரவுகளை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் மறுபடி அலசிப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்குத் திட்டமான சான்று எதுவும் கிடைக்கவில்லை. என் நோயாளிகளைப் பார்த்தாலும் அப்படித்தான். இருமிக்கொண்டே வேலைக்குப் போகாதே என்று தடுப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

“எங்கள் வரிப்பணம்” என்பார்கள். அந்த அம்மா செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டத்தான் செய்கிறார். பழைய வருமான வரி முறையில், சொந்த வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதை வாங்கியவர்களை யாரும் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்ததில்லை. ரேஷன் அரிசியும் யாருடைய தயவும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. 2023 ஜனவரியிலிருந்து அதற்கு விலையும் இல்லை. நாளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 165 கிராம் வரும். இதை வாங்கித் தின்று ஒருவர் சோம்பேறி ஆகிவிட முடியும் என்று சொல்பவர்கள், ஒரு நாள் அந்த அளவை உலையில் போட்டுப் பார்க்கட்டும்.

உணவு மருந்துக்குச் சமம் என்பது வெறும் பேச்சல்ல. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், காசநோயாளியின் வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளின் வங்கிக் கணக்கில் அரசு நேரடியாகச் செலுத்தும் ஊட்டச்சத்து உதவியும் 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. கணக்கு எண் தரவே கூச்சப்படுபவர்களுக்கு, இது பிச்சை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்துபோய், ரேஷன் கடை இயந்திரத்தில் பதியாமல் வெறுங்கையோடு திரும்புபவர்களும் உண்டு. கைரேகை பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்கள், ஊர் அட்டை முன்னுரிமைக் குடும்ப அட்டையாக இருந்தால், பெங்களூர் ரேஷன் கடையிலும் சட்டப்படியான தானியத்தை வாங்கலாம். இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம், அடுத்தவர் காதில் விழாமல், ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

எங்கள் பிரிவில் இப்போது பேனர் இல்லை, படமும் இல்லை. மாத்திரை தரும் ஜன்னலிலேயே, எந்த எழுத்தும் இல்லாத துணிப்பையில் கொடுத்துவிடுகிறோம். பெயர் வெளியே வராது என்றதும் விலகிக்கொண்ட நன்கொடையாளர்கள் உண்டு. பெரும்பாலானோர் நிலைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் வரத் தொடங்கினார். இரண்டாவது முறை வந்தபோது எடை 39 கிலோ. பையை அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு, துவரம்பருப்புக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு கிடைக்குமா, பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும் என்று கேட்டார். அடுத்த மாதம் அவர் பையில் பாசிப்பருப்பு வைத்தோம்.