சைபர்: ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொற்கள்

வேலூர்ப் பக்கம் பெரியவர்களுக்கு சைபர் என்றால் பூஜ்யம். "கணக்குல சைபர் வாங்கிட்டு வந்திருக்கான்" என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது கம்ப்யூட்டர் குற்றம். தகவல் பாதுகாப்பில் பட்டப்படிப்பு தொடங்கப் பாடத்திட்டக் குழு உட்கார்ந்தால் மூன்றாவது சைபரும் வந்து சேரும்: மறையெழுத்து, அதாவது ரகசியமாக மாற்றி எழுதும் முறை.

முதலும் மூன்றாவதும் ஒரே வேர். வடமொழிச் சூன்யத்தை அரபியில் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்தார்கள், அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே சுழியத்தைக் குறித்த சொல், பிறகு எல்லா எண்களுக்கும் பொதுவானது. எண்களை வைத்து ரகசியக் கடிதம் எழுதியதால் மறையெழுத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் சைபருக்கு இவற்றோடு உறவே கிடையாது. அது கிரேக்கம்: 'குபெர்நெட்டெஸ்', கப்பலில் சுக்கான் பிடிப்பவர். பழந்தமிழில் மீகாமன். 1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் கட்டுப்பாடு, தகவல்தொடர்பு பற்றிய துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். 1980களில் அறிவியல் புனைகதை வழியே 'சைபர்ஸ்பேஸ்' பரவியதும், கணினி சார்ந்த எதற்கும் முன்னால் ஒட்டும் சொல்லாகிவிட்டது.

குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, 'சைபர் பாதுகாப்பு', 'சீசர் சைபர்' (எழுத்துகளைச் சில இடம் தள்ளி எழுதும் மறையெழுத்து) இரண்டையும் ஒரே பாடத்தில் பார்த்தால் குழம்பத்தான் செய்யும். ஆய்த எழுத்துப் போட்டு 'சைஃபர்' என்று எழுதலாம். பேச்சில் அந்த வேறுபாடு நிற்காது. எனவே பூஜ்யத்துக்குச் சுழியம், மறையெழுத்து முறைக்கு மறையீடு, அந்தத் துறைக்கு மறையீட்டியல் என்று முதல் பருவத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

மீதமிருப்பது கம்ப்யூட்டர் சைபர். 'இணையவழி' என்று சொல்கிறோம். காவல் துறைக்கு அது போதும், படிப்புக்குப் போதாது. பென் டிரைவில் வரும் வைரஸுக்கு இணையம் தேவையில்லை. 'மின்வெளி' அதைவிடப் பரவாயில்லை.

பட்டத்தின் பெயராக நான் கேட்பது 'தகவல் பாதுகாப்பு'தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே காந்தி ரோடு லாட்ஜ்களைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள் அறை எடுக்கும்போது ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கிறார்கள், லெட்ஜரில் ஊர், போன் நம்பர் எழுதுகிறார்கள். அந்தக் காகிதம் யார் கைக்குப் போகிறது, எப்போது கிழிக்கப்படுகிறது என்பதும் இந்தப் படிப்பின் கேள்விதான். அதில் கம்ப்யூட்டரே இல்லை.

துறையின் மூன்று தூண்களும் இதையே சொல்கின்றன: தகவல் உரியவருக்கு மட்டும் தெரிய வேண்டும், யாரும் திருத்திவிடக் கூடாது, வேண்டியபோது கிடைக்க வேண்டும். மூன்றுமே காகிதத்துக்கும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு 2008இல் வந்த திருத்தம் 'சைபர் பாதுகாப்பு'க்குத் தரும் விளக்கம் பெரும்பாலும் கணினி, கருவிகள், அவற்றில் உள்ள தகவல் என்ற வட்டத்தைச் சுற்றியே நிற்கிறது. பாடத்திட்டம் அந்த வட்டத்தோடு நின்றால் லாட்ஜ் லெட்ஜருக்கு அதில் இடமிருக்காது.