நினைவகத்தின் கணக்கேடு

புது சர்வரில் 256 ஜிபி நினைவகம். அதில் கால்பங்கை, அதாவது 64 ஜிபியை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வட்டிலிருந்து படித்த தரவை எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் 'ஷேர்டு பஃபர்ஸ்' பகுதிக்கு ஒதுக்குகிறோம். (நிறுவியவுடன் இது வெறும் 128 எம்பிதான், பலர் அதை மாற்றாமலே ஓட்டுகிறார்கள்.) முதல் சில நாள் வேகம் பிரமாதமாக இருக்கும். பிறகு, யாரும் எதிலும் கைவைக்காமலே, மிச்சமிருக்கும் நினைவகம் கரைய ஆரம்பிக்கும். எங்கோ கசிவு என்றுதான் முதலில் தோன்றும். லினக்ஸின் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்து 'பேஜ்டேபிள்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

ஒரு நிரல் பயன்படுத்தும் முகவரி ராமின் நிஜ முகவரி அல்ல. இயங்குதளம் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வெட்டி, எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரி. 64 பிட் எக்ஸ்86 செயலியில் வரிக்கு 8 பைட். 64 ஜிபிக்கு 1,67,77,216 பக்கங்கள் வரும். பதிவேட்டுக்கு 128 எம்பி.

அது பெரிய தொகை இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல். 64 ஜிபி எல்லோருக்கும் பொது, பதிவேடு மட்டும் ஆளுக்கொன்று! தொட்ட பக்கத்துக்கு மட்டுமே வரி எழுதப்படும் என்பதால் ஆரம்பத்தில் தெரியாது. மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைக்கும் இணைப்புத் தொகுப்பான 'பூலில்' நாள்கணக்காக உயிரோடு இருக்கும் 200 இணைப்புகளும் மெல்ல மெல்ல எல்லாப் பக்கங்களையும் தொட்டு முடித்தால் 25 ஜிபி போய்விடும். அதில் ஒரு வாடிக்கையாளர் பெயர்கூட இருக்காது. எல்லாம் விலாசப் பட்டியல்.

வேகமும் அடிவாங்கும். பதிவேட்டை ஒவ்வொரு முறையும் புரட்டாமலிருக்க, அண்மையில் பார்த்த வரிகளைச் செயலி 'டிஎல்பி' என்ற சிறு இடத்தில் வைத்துக்கொள்கிறது. இன்டெல்லின் ஸ்கைலேக்கில் இதன் இரண்டாம் நிலை 1,536 வரிகள் கொள்ளும். 4 கேபி பக்கமென்றால் வெறும் 6 எம்பிக்குத்தான் அது காணும். மற்றதற்கெல்லாம் நான்கு அடுக்குப் பதிவேட்டில் இறங்கித் தேட வேண்டும்.

நிலத்தைச் சென்ட் சென்ட்டாக எழுதாமல் ஏக்கர் கணக்கில் எழுதினால் ஏடு மெலிந்துவிடும் அல்லவா? 'ஹியூஜ் பேஜ்' செய்வது அதைத்தான். பக்கம் 2 எம்பி. 512 வரிகள் இருந்த இடத்தில் ஒன்று. 64 ஜிபிக்கு 32,768 வரிகள், 256 கேபி. 200 இணைப்புக்கும் சேர்த்து 50 எம்பி. டிஎல்பியின் அதே 1,536 வரிகள் இப்போது 3 ஜிபி வரை தாங்கும்.

ராமில் 2 எம்பி துண்டுகள் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும் என்பதால், சர்வர் துவங்கும்போதே இவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது. ஒதுக்கியதை மற்ற நிரல்கள் சாதாரணமாகத் தொட முடியாது, அதனால் தாராளம் வேண்டாம். ஷேர்டு பஃபர்ஸுக்கு மேலும் கொஞ்சம் தேவைப்படும்; எத்தனை பக்கங்கள் என்று போஸ்ட்கிரெஸ் 15 முதல் அதுவே சொல்லிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். போஸ்ட்கிரெஸின் 'ஹியூஜ் பேஜஸ்' அமைப்பு இயல்பாக 'ட்ரை' என்றிருக்கும். பக்கங்கள் போதாவிட்டால் தரவுத்தளம் சத்தமில்லாமல் பழைய 4 கேபிக்குத் திரும்பிவிடும். 'ஆன்' என்று மாற்றிவிடுங்கள். போதாவிட்டால் துவங்கவே மறுக்கும். குறை அப்போதே தெரிந்துவிடும், 25 ஜிபி கரைந்த பிறகு அல்ல.