ஊபே பார் ஏன் நமத்துப்போகிறது?

மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற சர்க்கரை மிட்டாயை உருக்கி, மொறுமொறு அரிசியையும் ஊதா கிழங்கையும் கலந்து, ஆறவைத்து வெட்டும் இனிப்புதான் ஊபே பார். அதை முதல் முறை செய்தபோது கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து மசித்து, உருகிய மார்ஷ்மெல்லோவில் அப்படியே கொட்டிக் கிளறினேன். நிறம் பிரமாதமாக வந்தது. அரை மணி நேரத்தில் மொறுமொறு அரிசியெல்லாம் குழைந்த சாதமாகிவிட்டது. கத்தியால் வெட்ட வேண்டிய பாரைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் அது பார் இல்லை.

ஊபே என்பது பிலிப்பைன்ஸில் இந்த ஊதா கிழங்குக்குப் பெயர். தமிழில் ராசவள்ளி என்றும் பெருவள்ளி என்றும் சொல்லும் கொடியின் இனம்தான். தாவரவியலில் டயோஸ்கோரியா அலாட்டா. ஊதா நிறச் சர்க்கரைவள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதன் குடும்பமே வேறு. பார் பிறந்தது அமெரிக்காவில். 1939ல் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில், கெல்லாக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் ரைஸ் கிறிஸ்பீஸ் என்ற மொறுமொறு அரிசிச் சீரியலையும் மார்ஷ்மெல்லோவையும் வெண்ணெயையும் சேர்த்து உருவாக்கினார்கள். கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு அதைச் செய்து விற்று நிதி திரட்டியது. இதற்கு ஓவன் தேவையில்லை. உருக்கு, கலக்கு, தட்டில் அழுத்து, ஆறவிடு, அவ்வளவுதான். இவ்வளவு எளிய பண்டத்தில் கிழங்கு நுழைந்ததும் ஏன் எல்லாம் சொதப்புகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வழக்கமான அளவு இது: 45 கிராம் வெண்ணெய், 280 கிராம் மார்ஷ்மெல்லோ, 6 கப் சீரியல், அதாவது ஏறக்குறைய 170 கிராம். மார்ஷ்மெல்லோவில் ஆறில் ஒரு பங்கு போலத் தண்ணீர் இருக்கும். அதனால் சுமார் 47 கிராம். சீரியலில் 3 சதவீதம் என்று வைத்தால் 5 கிராம். வெண்ணெயில் இருப்பது சொற்பம். இதில் 100 கிராம் வெந்த கிழங்கைச் சேர்த்தேன். கிழங்கில் 70 சதவீதம் தண்ணீர். கையில் எடுத்தால் கெட்டியாக, மாவாகத் தெரிகிற பொருளுக்குள் 70 கிராம் தண்ணீர் ஒளிந்திருந்தது. பாரில் ஏற்கெனவே இருந்த மொத்தத் தண்ணீரைவிட அதிகத்தை ஒரே கையாகக் கொட்டியிருக்கிறேன்.

சரி, அப்படியானால் மார்ஷ்மெல்லோவில் உள்ள 47 கிராம் மட்டும் ஏன் அரிசியைக் கெடுப்பதில்லை? தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். உணவு அறிவியலில் இதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். தூய நீருக்கு அது 1. மார்ஷ்மெல்லோவில் தண்ணீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 வரை இறங்கிவிடுகிறது. வெந்த கிழங்கின் தண்ணீருக்கு அப்படிக் கட்டு எதுவும் இல்லை. அதன் அளவு 1ஐ ஒட்டியே நிற்கும். தண்ணீர் எப்போதும் செயல்பாடு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும். நம் பாரில் மிகக் குறைந்த இடம், காய்ந்து கிடக்கும் அரிசிதான்.

அந்த அரிசியின் மொறுமொறுப்பு ஒரு வகையில் கண்ணாடியின் குணம். வேகவைத்து உலர்த்திய அரிசியைக் கடும் சூட்டில் வாட்டும்போது உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி அதை ஊதிவிடுகிறது. உள்ளே ஏராளமான குமிழ்கள், அவற்றுக்கு மெல்லிய மாவுச்சத்துச் சுவர்கள். காய்ந்த நிலையில் அந்தச் சுவர்களின் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், அசையவும் முடியாமல் உறைந்திருக்கின்றன. ஜன்னல் கண்ணாடியும் இப்படித்தான். கடித்தால் சுவர் வளையாது, சட்டென்று உடையும். உடையும் ஒவ்வொரு சுவரும் சின்னதாக ஒரு சத்தம் போடும். நமக்கு மொறுமொறு என்று கேட்பது அந்தச் சத்தங்களின் கூட்டம். தண்ணீர் நுழைந்ததும் மூலக்கூறுகளுக்கு நடுவே எண்ணெய் விட்டதுபோல் ஆகி, அவை நகரத் தொடங்குகின்றன. கண்ணாடி ரப்பராகிறது. சுவர் உடையாமல் மடிகிறது, சத்தமும் போய்விடுகிறது. நமத்துப்போவது என்று சொல்கிறோமே, அது இதுதான். நீர்ச் செயல்பாடு 0.4, 0.5 என்று ஏறும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிடும். அரிசி தொட்டுப் பார்த்தால் ஈரமாகவே தெரியாது.

அப்படியானால் ஊபேயை எந்த வடிவில் சேர்ப்பது? பிலிப்பைன்ஸ் சமையலில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல விடை உண்டு. மசித்த கிழங்கோடு தேங்காய்ப்பால், கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய் சேர்த்துக் கை வலிக்கும்வரை கிண்டி ஊபே ஹலாயா செய்வார்கள். அதில் கணிசமான தண்ணீர் வற்றிவிடுகிறது, மிச்சத்தில் நிறையச் சர்க்கரை பிடித்துவைக்கிறது. ஓரிரு கரண்டி ஹலாயாவை பார் தாங்கும், கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவே. மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் உலர்ந்த கிழங்குப் பொடிதான் என் தேர்வு. இந்த அளவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும்.

பொடியை எப்போது போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. உருகிய மார்ஷ்மெல்லோவில் நேராகத் தூவினால் கட்டிகட்டியாகும். வெளி மாவு ஈரத்தில் உப்பிப் பசையாகி, உள்ளே இருக்கும் மாவுக்குக் கதவடைத்துவிடும். முதலில் வெண்ணெயில் குழைத்தால் ஒவ்வொரு துகளும் கொழுப்பால் மூடப்பட்டுத் தனித்தனியாக நிற்கும். வாசனைப் பொருள்களில் பல கொழுப்பில்தான் நன்றாகக் கரையும் என்பதால் மணமும் எழும். அந்த நேரத்தில் வாணலியைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மஞ்சள் வெண்ணெயில் ஊதாத் துகள்கள் மிதக்கும், நிறம் பரவாது. கவலைப்படாதீர்கள். ஊதா தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி, அது தண்ணீரில்தான் கரையும். மார்ஷ்மெல்லோ உருகி அதன் ஈரம் துகள்களை எட்டியதும் நிறம் பரவத் தொடங்கும்.

ஆந்தோசயனின் ஒரு பச்சோந்தி. அமிலம் சேர்ந்தால் சிவப்புப் பக்கம் சாயும், சோடா போன்ற காரப்பொருள் சேர்ந்தால் நீலம், பச்சை என்று போகும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும், பார் மீன்தொட்டிப் பாசி நிறத்துக்குப் போய்விடும். இந்தப் பண்டத்தில் உப்புவதற்கு ஒன்றும் இல்லாததால் சோடா தேவையும் இல்லை. அப்புறம், வெண்ணெயைப் பழுப்பாகும்வரை காய்ச்சினால் மணம் கூடும் என்று பலர் சொல்வார்கள். மற்ற பார்களுக்குச் சரி. இங்கே பழுப்பும் ஊதாவும் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும். கடைப் பண்டங்களில் காணும் பளிச்சென்ற ஊதாவை எதிர்பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் சாயம் கலந்த எசென்ஸின் வேலை. பொடி தருவது சாம்பல் கலந்த மங்கிய ஊதா. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுப்பைச் சிறு தீயில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் இந்தத் தண்ணீர்தான். மார்ஷ்மெல்லோவின் உடலைக் கட்டியிருப்பது ஜெலட்டின் என்ற விலங்குப் புரதத்தின் வலை. வெறும் ஜெலட்டின் கூழ் 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். சர்க்கரை அடர்ந்த மார்ஷ்மெல்லோவுக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், கொதிநிலை வேண்டியதில்லை. தீயைக் கூட்டினால் இருக்கும் கொஞ்சத் தண்ணீரும் ஆவியாகி, பாகு முற்றி, ஆறியதும் பார் பல்லைப் பதம் பார்க்கும். சைவமாகச் செய்ய, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் கலந்த மார்ஷ்மெல்லோ வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். அகர் கூழ் இளகச் சுமார் 85 டிகிரி வேண்டும். அதனால் சிறு தீயில் அது பிடிவாதமாக உருண்டை உருண்டையாகவே கிடக்கும்.

தட்டில் போட்டதும் அமுக்கித் தள்ளாதீர்கள். குமிழ்ச் சுவர்களை நாமே நசுக்கிவிடுவோம். நெய் தடவிய கையால் மேலாகச் சமப்படுத்தினால் போதும்.

ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில், வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெயும் ஜெலட்டினும் விறைத்துக் கல்லாகும். வெளியே எடுத்ததும் குளிர்ந்த பாரின் மேல் காற்றின் ஈரம் வேர்த்துப் படியும். எப்படி வைத்தாலும் டப்பாவுக்குள் மார்ஷ்மெல்லோவிலிருந்து அரிசிக்குத் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மூன்றாம் நாள் கடித்துப் பாருங்கள்: அரிசி கொஞ்சம் நமத்திருக்கும், மார்ஷ்மெல்லோ கொஞ்சம் இறுகியிருக்கும்.